பூஜைக்கு வைத்த நெட்வொர்க் கார்டு

இல்லாத கணினிக்கு இல்லாத நெட்வொர்க் கார்டைச் சரிசெய்து கொடுப்பதுதான் இன்று என் பிழைப்பு. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி மாளாது. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோலப் பாவனை காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. மெய்நிகர் கணினி என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். அலுவலகத்தில் நாங்கள் விஎம் என்போம். அதை நகலெடுத்து வேறோர் இடத்தில் எழுப்பினால் பல நேரம் நெட்வொர்க் வேலை செய்யாது. பழைய கார்டு இன்னும் தன்னிடம் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். புதிதாக வந்ததைச் சேர்த்துக்கொள்ளாது. பழையதன் பெயரைத் தேடி அழித்துவிட்டு, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மறுபடி போட வேண்டும். இந்தச் சிக்கலோடு பிள்ளைகள் யாராவது என் மேசைக்கு வந்தால், "ஆயுத பூஜைக்குக் கழற்றி வச்சீங்களா?" என்று கேட்பேன். கிறுக்கு என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இதே வேலையை நான் முதன்முதலில் செய்தது தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில். ஒரு கணினியை மற்றக் கணினிகளோடு சேர்க்கும் அந்தக் கார்டு அப்போது கையில் பிடிக்கிற பொருளாக இருந்தது. கடைவீதியை ஒட்டிய தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். அதற்குமுன் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தட்டச்சு மெஷின்களை விற்றுவிட்டுக் கீழ்க்கடையில் மூன்று கணினிகளை வாங்கிப் போட்டிருந்தார். டெலிபோன் இணைப்பு மட்டும் மாடியில் அவர் வீட்டில் இருந்தது. கடைக்குத் தனி இணைப்பு கேட்டு எழுதிப் போட்டுக் காத்திருந்தார். அதனால் டெலிபோன் வழியாக இணையத்தை எடுக்கும் மோடம் வைத்த கணினி மாடியில், வாடிக்கையாளர் உட்காரும் கணினிகள் கீழே. இரண்டுக்கும் நடுவே ஜன்னல் வழியாக ஒரு கறுப்பு ஒயர் இறங்கி வரும். மாடிக்குப் போகும் படி செங்குத்தானது. கைப்பிடி கிடையாது, பிடித்து ஏற உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும்.

படியைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் என் அப்பா. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு விவரம் தெரியாத வயதில் அவருக்குக் காசநோய் வந்து, அதற்குப் போட்ட ஊசி நோயைத் தீர்த்துவிட்டுக் காதையும் தின்றுவிட்டது. சிறிது சிறிதாகக் குறைந்து, ஓய்வு பெறும்போது சுத்தமாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பேச்சில் குறையில்லை, சத்தம்தான் அவர் கட்டுக்குள் இல்லை. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் அம்மாவிடம் சொல்வது மூன்றாம் வீட்டில் கேட்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் "சாம்பார்ல உப்பு இல்லட்டி" என்று என் காதோரம் குனிந்து சொல்லிப் பந்தி முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறார். 

அண்ணன் அமெரிக்காவில் இருந்தான். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். அதைச் சரிசெய்யப் போன கூட்டத்தில் அவனும் ஒருவன். டெலிபோனில் அவன் குரல் அம்மாவுக்கும் எனக்கும்தான். அப்பாவுக்குக் கடிதம், அது போய்ச் சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். நான் அண்ணாச்சி கடையில் சேர்ந்த பிறகுதான் அப்பாவுக்கு மகனோடு பேச வழி கிடைத்தது. வாரம் ஒருநாள் சாயங்காலம், அங்கே அவன் அலுவலகம் திறக்கும் நேரம், அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடையில் உட்காருவார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவேன். அண்ணன் எழுதுவது திரையில் வரிவரியாக வரும். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இவன் என்னட்டி, நெடிலையும் குறிலையும் ஒண்ணா எழுதுதான்" என்று திட்டுவார். அப்படித் திட்டுகிறபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் என்று முடிவானது. இருதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறது, படி ஏறக்கூடாது, எதற்கும் தயாராக இருங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த ஆபரேஷனிலிருந்து அப்பா திரும்பவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்துத் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அண்ணன் வருவதா வேண்டாமா என்பதுதான் அப்போது வீட்டில் பேச்சு. நடுவில் கிளம்பினால் அந்த வேலை போய்விடும். திரும்பிப் போக விசா கிடைக்காது. டெலிபோனில் என்னிடம் சொன்னான்: "அப்பா வரச் சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வாரேன். ஆனா அப்பா சொல்லணும். நீ கூட்டிச் சொல்லுவ, அம்மா குறைச்சுச் சொல்லுவா." எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை உடைத்திருப்பேன். பெற்ற தகப்பன் நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள். அதற்கு அவரிடமே உத்தரவு கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்காமல் கிளம்பி வர வேண்டியதுதானே? இன்றுவரை அந்தக் கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் அவன் சொன்னது ஏற்பாடாயிற்று. விஜயதசமி அன்று சாயங்காலம் அப்பா கடைக்கு வந்து அவனிடம் நேரே பதில் சொல்ல வேண்டும். மறுநாள் காலை எங்களுக்குத் திருவனந்தபுரம் ரயில். விஜயதசமி அன்றைக்கே அவன் கம்பெனியில் சொல்லி டிக்கெட் எடுத்தால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேர முடியும்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. நான் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனதால் கடைக்குப் போகவில்லை. அண்ணாச்சி பக்திமான். டைப்ரைட்டிங் மெஷின் காலத்தில் ஒவ்வொரு மெஷினையும் பிரித்துத் துடைத்துப் பொட்டு வைத்துப் பழகியவர். கணினியின் வெளிப்பெட்டிக்கு மட்டும் சந்தனம் வைத்தால் சாமி ஏற்றுக்கொள்ளாது என்று தோன்றியிருக்கிறது. பெட்டிகளைத் திறந்து நெட்வொர்க் கார்டுகளைக் கழற்றி, பெயிண்ட் பிரஷால் தூசி தட்டி, வாழையிலையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறார். கூடவே டிரைவர்கள் பதிந்திருந்த பிளாப்பி டிஸ்குகளுக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் தொடக்கூடாது என்பதால் எல்லாம் ராத்திரி முழுக்க அப்படியே இருந்தன. விஜயதசமி மத்தியானம் எடுத்து, எது எந்தப் பெட்டியில் இருந்தது என்று பார்க்காமல் கையில் வந்தபடி சொருகிவிட்டார்.

நான் சாயங்காலம் அப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தபோது அண்ணாச்சி வாசலில் பொரி கடலையோடு நின்றார். "சார்வாள், வாங்க வாங்க" என்று அப்பா கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். தசராவுக்குச் சப்பரங்கள் கிளம்பும் நாள். கடைவீதியில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. எங்கு பார்த்தாலும் கூட்டம். அப்பாவை மூலை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். புதிதாக ஒரு சாதனம் வந்திருக்கிறது, டிரைவர் டிஸ்கைப் போடு என்று திரை கேட்டது. அடுத்த கணினியைப் போட்டேன். அதுவும் அதையே கேட்டது. மூன்றாவதும் அப்படியே.

"அண்ணாச்சி, என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலயேம்மா. உள்ள இருக்கிறதுக்கும் பொட்டு வைக்கணும்லா, அதான் கழத்தி வச்சேன். திரும்ப மாட்டிட்டேனே."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. கணினியோடு பேசக் கார்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதுதான் டிரைவர். கார்டு இடம் மாறினால் அந்தக் கணினிக்கு அது அறியாத ஆள், புதிய டிரைவர் கேட்கும். டிரைவர் இருந்த பிளாப்பியை எடுத்தேன். நடுவில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. தகட்டை விலக்கினால் உள்ளே குங்குமம். துடைத்துப் போட்டுப் பார்த்தேன். உரலில் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோலச் சத்தம் வந்ததே தவிர ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. மற்ற பிளாப்பிகளும் அதே கதிதான். அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

மாடிக்கு ஓடினேன். அங்கிருந்த கணினியில் கார்டு எதையும் அவர் தொடவில்லை. மோடம் வேலை செய்தது. அண்ணன் வந்து காத்துக்கொண்டிருந்தான். "அப்பா எங்கே" என்று கேட்டிருந்தான். கீழே இருக்கிறார், நெட்வொர்க் வரவில்லை, கொஞ்சம் பொறு என்று தட்டினேன். ஒரு மீட்டிங் இருக்கிறது, அதுவரை இருப்பேன் என்றான். டெலிபோன் ஒயரை நீட்டிக் கீழே கொண்டுவர வீட்டில் துண்டு ஒயர் இல்லை. வாங்கலாமென்றால் கடை இல்லை.

நான் இறங்கி வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"அவன் வந்துட்டானா?"

தலையாட்டினேன்.

"அங்கன மேல வருதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் உதட்டால் பொய் சொல்வது கஷ்டம். தலையாட்டினேன்.

"அப்ப நான் ஏறி வாரேன்."

அண்ணாச்சி குறுக்கே வந்தார். கையால் நாற்காலியைக் காட்டி, தூக்குவதுபோல ஜாடை செய்தார். "சார்வாள், நாற்காலியோட தூக்கிருவோம். தெருவுல நாலு பயலுவளக் கூப்புடுதேன்." அப்பாவுக்கு ஜாடை புரிந்துவிட்டது. "நாலு பேரு சேந்து தூக்குத நாளு தானா வரும் அண்ணாச்சி. அதுவரைக்கும் என் காலுதான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் தோளை அழுத்தி உட்கார வைத்து, "நான் சரிபண்ணுறேன். எந்திரிக்கக் கூடாது" என்று உதடு நன்றாகத் தெரியும்படி சொல்லிவிட்டு மேசைக்கடியில் புகுந்தேன்.

பிளாப்பி இல்லாவிட்டாலும் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு கணினியும் தன் சொந்தக் கார்டின் டிரைவரை ஏற்கெனவே ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கும். அதனதன் கார்டு அதனதன் பெட்டிக்குத் திரும்பினால் போதும். ஆனால் எது எதனுடையது? பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தன. சிப்பின் மேலிருந்த எண்ணைச் சந்தனம் மூடியிருந்தது. மூன்றையும் கழற்றிக் கட்டைவிரலால் தேய்த்தேன். இரண்டு ஒரே கம்பெனி, எண் மட்டும் வேறு வேறு. மூன்றாவதற்குக் கம்பெனியே வேறு. அந்த மூன்றாவதை எனக்குத் தெரியும். கோடை மழையில் இடி விழுந்து மூலைக் கணினியின் கார்டு கருகிப்போனபோது, அதற்குப் பதிலாக நானே வாங்கிவந்து மாட்டியது அது. மூலைப் பெட்டியில் சொருகிக் கணினியைப் போட்டேன். டிஸ்க் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. கணினி கார்டைத் தெரிந்துகொண்டது, ஆனால் மாடியோடு பேசவில்லை. அவசரத்தில் பழைய துளையை விட்டுவிட்டுப் பக்கத்துத் துளையில் சொருகியிருந்தேன். கணினி தன்னிடம் இரண்டு கார்டுகள் இருப்பதாக நம்பிக்கொண்டு, ஒரே முகவரியை இரண்டுக்கும் வைத்துக் குழம்பிக்கொண்டிருந்தது. முதலாவது இப்போது அங்கே இல்லை. ஆனால் அதன் பெயர் உள்ளே இருந்தது. அதை அழிக்க வேண்டுமென்றால் கணினியை வேறொரு முறையில் எழுப்பி, பட்டியலில் தேடி நீக்கி, மறுபடி அணைத்து எழுப்ப வேண்டும். அந்தக் காலத்துக் கணினி எழுவதற்குள் ஒரு டம்ளர் காபியைக் கொதிக்கக் கொதிக்க ஆற்றிக் குடித்துவிடலாம். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தேன். பழைய பெயரை நீக்கினேன். மறுபடி எழுப்பினேன்.

"ஏம்மா! சார்வாள் ஏறுதாரு!"

திரும்பினால் நாற்காலி காலி. ஓடினேன். அப்பா படியில் இருந்தார். ஒரு கை கயிற்றில், ஒரு கை சுவரில். அவருக்குப் பின்னால் அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடவும் பயந்து, விடவும் பயந்து நின்றார். நான் கத்தினேன். கத்தி என்ன பயன். அவரை ஒட்டி நெருக்கித் தாண்டி ஏறி, மேல்படியில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வழியை மறித்தேன். மூச்சு வாங்கியது அவருக்கு. நெற்றியில் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

"பைய ஏறிருவேன்ட்டி. வழிய விடு."

"விடமாட்டேன்."

"அவன் காத்துக்கிட்டு இருக்கான். இன்னைக்கி விட்டா முடியாது."

"தெரியும்ப்பா. வந்துரும். இங்கயே இருங்க."

என் உதட்டையே பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்ததால் வார்த்தை சரியாகத் தெரிந்திருக்காது. என்ன புரிந்துகொண்டாரோ, மெல்லப் படியிலேயே உட்கார்ந்தார். "சரி, ஏறல. நீ போயி அதப் பாரு" என்றார். அண்ணாச்சி அவருக்குக் கீழே அணைவாக உட்கார்ந்துகொண்டார். நான் சுவரோடு ஒட்டி இறங்கிக் கடைக்குள் போனேன். கணினி எழுந்திருந்தது. ஒரு கார்டுதான் இருந்தது. மாடிக் கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது.

அப்பாவைத் தாங்கி அழைத்துவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தோம். அண்ணாச்சி தண்ணீர் கொடுத்தார். குடித்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அண்ணன் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"அப்பா வந்தாச்சு" என்று தட்டினேன். திரையில் வரி வந்தது. அப்பா, எப்படி இருக்கீங்க. நான் வரட்டுமா. நீங்க சொல்லுங்க.

அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றி அதைப் படித்தார். வகுப்பில் டிக்டேஷன் கொடுப்பவர்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நல்லா இருக்கேன். டாக்டர் தைரியம் சொல்லுதாரு. இது இப்ப சாதாரண ஆபரேஷன். நீ வர வேண்டாம். கையில இருக்கிற வேலையக் கெடுத்துக்கிடாத. அம்மாவ இவ பாத்துக்கிடுவா. தட்டிட்டியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பதிலுக்காகவா அந்தப் படியில் ஏறினார்? வர வேண்டாம் என்று சொல்லவா? ஆனால் அவன் கேட்டது அப்பாவின் வார்த்தையை. கூட்டாமல் குறைக்காமல் தட்டினேன். கடைசிச் சொல்வரை தட்டிவிட்டு, அனுப்பும் விசையின்மேல் விரலை வைத்தபடி அவரைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் அண்ணன் எழுதியிருந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரட்டுமா. அதன்மேல் விரலை வைத்துத் தடவினார். உதடு அசைந்தது. மனதுக்குள் பேசிக்கொள்வதாகத்தான் அவர் நினைத்தார்.

"ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயேம்லே... பயமா இருக்குலே எனக்கு."

கடை முழுக்கக் கேட்டது. வாசலில் சப்பரம் பார்க்க நின்ற இரண்டு பேர் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அதையும் தட்டினேன். அவர் சொல்லியிருந்த வரிகளுக்குக் கீழே, அதே வார்த்தைகளில், லே உட்பட. அனுப்பவில்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். பாதியில் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னேனா?"

தலையாட்டினேன்.

"வெளியவா?"

தலையாட்டினேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல அண்ணாச்சியும் தலையாட்டினார். அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். எந்த விசையைத் தட்டினால் எழுத்து அழியும் என்று அவருக்குத் தெரியும். என் பிழைகளைத் திருத்தத் திருத்த அதைக் கற்றிருந்தார். அந்த விசைவரை அவர் விரல் போனது. நான் தடுக்கவில்லை. எந்த வரி போக வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

விரல் அங்கேயே நின்றது.

"கெடக்கட்டும்" என்றார். "மேல உள்ளத அழிச்சிட்டு, இத மட்டும் அனுப்பு."

அனுப்பினேன். அண்ணன் வந்தான், வேலையை விட்டுவிட்டு வந்தான், ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு நாள் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்தச் சாயங்காலம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. திரையில் பதில் வரத் தாமதமாயிற்று. லைன் போய்விட்டதோ என்று நான் மேசைக்கடியில் ஒயரைப் பார்த்தேன். பிறகு ஒரே ஒரு சொல் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தெருவில் போகிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அதைப் படித்தார்.

"வாரேன்ப்பா."